கூடத்துக் கயிறு

வாங்க மதினி, வாங்க. மதினி என்று கூப்பிடலாம்தானே? பேசி முடிக்கவில்லை என்றாலும் எனக்கு வாயில் அப்படித்தான் வருகிறது. அந்த நாற்காலி வேண்டாம். அது என் மாமனாருடையது. அதன் நாலு காலுக்கும் தரையில் பெயின்ட்டால் குறி போட்டு வைத்திருக்கிறார். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். இப்படி என் கட்டிலிலேயே உட்காருங்க. பயப்படாதீங்க, தகடு வைத்த கால் அந்தப் பக்கம் இருக்கிறது.

எதற்கு மதினி இத்தனை சாமான்? ஹார்லிக்ஸ் தெரிகிறது. சாத்துக்குடி தெரிகிறது. அடியில் பச்சையாக இருக்கிறதே, கீரையா? இந்தச் சேற்றிலும் சகதியிலும் கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்களா? ஓரமாக வையுங்க. இந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் ஆய்ந்து வைப்பாள்.

பின்பக்கம் மாமாவோடு யாரோ நிற்கிறார்களே, நீங்க வந்த ஆட்டோக்காரரா? பாவம். வாசலிலேயே கையைப் பிடித்துச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போயிருப்பார். எங்கள் மாமாவுக்குப் பேச ஓர் ஆள் அகப்பட்டால் போதும். இனி அரை மணி நேரத்துக்கு அந்த ஆட்டோ கிளம்பாது. அதுவும் ஒரு வகைக்கு நல்லதுதான். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்க பெண் பார்க்க வந்துபோய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உங்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் இந்தக் கட்டிலில் கிடந்தபடி போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கார்த்திகை முடிந்தால் மார்கழி. மார்கழியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்துவுக்கு இருபத்தெட்டு ஆகப்போகிறது. இது நாலாவது வரன். உங்கள் பையனைப் பார்த்த அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், நான் பெற்றவள். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கீங்க என்றால் சொல்லிவிடுங்க, தாங்கிக்கொள்வேன். ஆனால் அபசகுனம் என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. பெண் கொடுக்கப்போகிறவள் தாம்பூலத் தட்டோடு விழுந்தாள் என்றால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரு கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டிய மனிதர்.

அந்த மனிதரைப் பற்றி என்ன சொல்ல! பெயர் தங்கப்பழம். பெயரில்தான் தங்கமும் பழமும். இருபத்திரண்டு வருடம் கப்பற்படையில் இருந்தார். பெரிய துப்பாக்கி சுட்டார், பீரங்கி வெடித்தார் என்று நினைக்காதீங்க. கப்பலின் அடிவயிற்றில், இன்ஜின் ரூமில், எண்ணெய்த் துணியோடு நின்றவர். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. "கவர்மென்ட்டு எனக்கு ரெண்டு பென்ஷன் குடுத்துச்சு. ஒண்ணு பேங்குல வருது. இன்னொண்ணு இந்த இடது காது" என்பார். காது போனதில் என்ன பெருமை மதினி? கேட்டால் சிரிப்பார். அந்த நாற்காலியையும் பாருங்க. இடது காது அடுக்களைப் பக்கம், வலது காது வாசல் பக்கம். அப்படிப் போட்டால்தான் பேப்பரில் வெளிச்சம் விழுமாம். நான் அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன், மனிதர் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் வைத்தாலும் வெளிச்சம் விழும் மாமா என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். அதுவும் காதில் விழவில்லை.

அத்தை போனபிறகு நாலு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். மதுரையில் ஒரு மகள் உண்டு. "அப்பாவை நல்லா பாத்துக்கோங்க அண்ணி" என்று போனில் சொல்வதோடு அவள் கடமை முடிந்தது. என் வீட்டுக்காரருக்கோ அப்பா தும்மினாலும் அது வேதவாக்கு. காலையில் கடைக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவார். இடையில் இருக்கிற பன்னிரண்டு மணி நேரமும் நானும் இந்தக் கப்பலும்.

கப்பல்தான் மதினி. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கூடத்தைத் துடைப்பார். ஏற்கெனவே நான் துடைத்த கூடம். இவர் துடைத்தபிறகு ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. குழம்புச் சட்டியை நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தால் குறுக்கே வந்து நிற்பார். "ஏம்மா கனி, கப்பல்ல மொத நாள் சொல்லிக் குடுக்கிற பாடம் என்ன தெரியுமா? ஒரு கை வேலைக்கு, ஒரு கை உனக்கு. ரெண்டு கையும் வேலைக்குக் குடுத்தவனைக் கடல் எடுத்துக்கும்." இது கடல் இல்லை மாமா, முத்தையாபுரத்தில் ஒன்றேகால் சென்ட் வீடு என்பேன். "வயசாயிட்டா எல்லா வீடும் கடல்தான்" என்பார்.

இப்படித்தான் மதினி, எல்லாவற்றுக்கும் ஒரு வசனம். வயதாவதைப் பற்றி இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரும் கிழவர் ஆனதே இல்லை. "கப்பல் நடுக்கடல்ல இடிக்காது. துறைமுகத்துக்குள்ள வரும்போதுதான் இடிக்கும். எழுபதுக்கு மேல நாம துறைமுகத்துக்குள்ள வந்தாச்சு, வேகத்தைக் குறை." இது பால்காரரிடம். பால்காரருக்கு முப்பத்திரண்டு வயது, பாவம், தலையாட்டிவிட்டுப் போனார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான் போச்சு, சொல்லு அப்படியே இருக்கு." அது என்னவோ உண்மை. சொல் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் போயிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். வருடத்துக்கு ஒரு தரம் பேங்குக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் இல்லையா, பென்ஷனுக்கு? அதற்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. எதற்கு மாமா இத்தனை அலங்காரம் என்றால், "செத்தவன் மாதிரிப் போய் நின்னா எப்படிம்மா நம்புவான்?"

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிகிற அளவுகூட உலகம் சுற்றிய மனிதருக்குத் தெரியவில்லை. வயதை நினைத்தால்தான் வயது ஏறும். நான் நினைப்பதே இல்லை. எனக்கு ஐம்பத்தாறு. கண்ணாடி கிடையாது. கண்ணில் ஒன்றுமில்லை, பேப்பரில்தான் இப்போதெல்லாம் மை கம்மியாகப் போடுகிறான். டிவிக்காரனும் சத்தத்தைக் குறைத்துவிட்டான். இந்த நடையைத் தாண்டினால் பின்பக்கம் இறங்க ஒரு படி இருக்கிறது, அதைக் கொத்தனார் உயரமாக வைத்துவிட்டான். கட்டிய புதிதில் தெரியவில்லை, இப்போதுதான் தெரிகிறது. இதை நான் ஒருநாள் சொன்னதற்கு மாமா என்ன சொன்னார் தெரியுமா? "உனக்கு மட்டும் வயசே ஆகல கனி. பேப்பர்க்காரனுக்கும் டிவிக்காரனுக்கும் கொத்தனாருக்கும்தான் வயசாவுது." இந்து விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அதோடு விட்டாரா? "துரு எல்லா இரும்புக்கும் வரும்மா. தினம் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற கப்பல் மிதக்கும். எனக்குத் துருவே இல்லைங்கிற கப்பல்தான் மொதல்ல முழுகும்." நான் துருவாம் மதினி! அவர் சாப்பிடுகிற மூன்று வேளைச் சோறும் இந்தத் துருப்பிடித்த கை போடுவதுதான்.

போன வருடம் ஐப்பசியில்தான் அந்தக் கயிறு வந்தது. ஒருநாள் பஸ் ஏறிப் போய், வல்லத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாங்குகிற கடையில் கட்டைவிரல் தடிப்புக்கு வெள்ளைக் கயிறு ஒரு சுருள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். துணி காயப்போடவா மாமா என்றேன். டிரில் மிஷின் இரவல் வாங்கி, அந்தத் தீபாவளிக்குப் பெயின்ட் அடித்த சுவரில் பதினோரு ஓட்டை போட்டார். பதினோரு கொக்கி. அவர் அறையிலிருந்து கூடத்துச் சுவரோரமாக, நடை வழியாக, படி இறங்கிப் பின்பக்கத்துக் குளியலறை வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார். காலடிக்கு ஒரு முடிச்சு. படி வருகிற இடத்தில் ரெண்டு முடிச்சு. குளியலறைக் கதவில் மூன்று. விளக்கு இல்லாவிட்டாலும் கை எண்ணிக்கொண்டே போகுமாம். ஊர் உலகத்தில் கல்யாணத்துக்கு மூன்று முடிச்சு போடுவார்கள். எங்கள் வீட்டில் கக்கூசுக்கு!

விழுந்தவர்கள் கட்டினால் சரி, விழவே இல்லையே மாமா, அதற்குள் எதற்கு என்றேன். அதற்குச் சொன்னதைக் கேளுங்க. "புயலுக்கு முந்திக் கட்டினா அது கயிறு. பிந்திக் கட்டினா அது பாடை." வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரத்தில் இந்தப் பேச்சு.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொல்லி என் வாய் தேய்ந்தது. மாடு கட்டவா அக்கா என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி. நானும் துண்டு, பிடிதுணி எல்லாம் அதில் காயப்போட்டேன், கேட்கிறவர்களுக்குக் கொடி என்று சொல்லிக்கொள்ளலாமே என்று. மனிதர் ஒவ்வொரு துண்டாக எடுத்து மடித்து என் கட்டிலில் வைத்துவிடுவார். கோபப்பட மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அப்படி இருக்கும்போதுதான் உங்கள் வீட்டு வரன் வந்தது. நீங்களே சொல்லுங்க. ஒன்பது பேர் பெண் பார்க்க வருகிறீங்க. உள்ளே நுழைந்ததும் கூடத்தில் தாம்புக் கயிறு. மனநிலை சரியில்லாத ஆளைக் கட்டி வைக்கிறார்களோ என்று நினைக்க மாட்டீங்களா? மூன்றாவது வரன் அவரால்தான் தட்டிப்போயிற்று. அந்தப் பையனைப் பார்த்து, "கண்ணை மூடி ஒத்தக் கால்ல நில்லு தம்பி, இருவது எண்ணுதேன்" என்றார். அதுதான் வயதை அளக்கிற கருவியாம். தினம் காலையில் இவர் நிற்கிறார், கொக்கு மாதிரி. அந்தப் பையன் ஏழில் கால் ஊன்றினான். அப்புறம் அந்த வீட்டிலிருந்து பதிலே இல்லை.

அதனால் இந்தத் தடவை நான் முன்யோசனையோடுதான் இருந்தேன். அன்றைக்குக் காலையில் அவரை உயிரோடு இருக்கிற கையெழுத்துப் போட பேங்குக்கு அனுப்பிவிட்டேன். கூட்டமாக இருக்கும், பன்னிரண்டு மணிக்கு முன்னால் முடியாது என்று கணக்கு. அவர் தெருமுனை திரும்பியதும் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவிழ்ந்தால்தானே? முடிச்சா அது! நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அரிவாள்மனையை எடுத்துவந்து கூடத்தில் ஒரு வெட்டு, நடையில் படிக்கு மேலே ஒரு வெட்டு. கயிற்றைச் சுருட்டி அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கொக்கிகளில் இரண்டில் காலண்டர், ஒன்றில் இந்துவின் பரிசுப் படம். கூடம் கூடமாக ஆயிற்று.

மனிதர் பத்தரைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையைப் பார்த்து முதல் ஆளாகக் கூப்பிட்டுவிட்டார்களாம். வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். நான் தயாராக இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லட்டும், நாலு வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று. கட்டிலுக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்தார், வெட்டின நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுத்தது சரி கனி. நுனியைத் தீயில வாட்டியிருக்கலாம். பிரிபிரியாப் போவுது பாரு." அவ்வளவுதான். என்ன மனிதர் மதினி இவர்? சண்டை போடக்கூடத் தெரியாதா?

பதினோரு மணிக்கு நீங்க எல்லாரும் வந்தீங்க. நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்க இந்துவோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் காப்பித் தட்டோடு வந்து பார்க்கிறேன், உங்கள் வீட்டு அண்ணாச்சி, மாப்பிள்ளையின் அப்பா, இந்தக் கூடத்து நடுவில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கிறார்! மாமா பக்கத்தில் நின்று எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலில் அண்ணாச்சி சாய்ந்தார், மாமா பிடித்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. "அறுபத்திரண்டு வயசுக்கு நாலு பத்தாதே தம்பி. தலை சுத்துதா? படி இறங்கும்போது பயமா இருக்கா? வீட்டுல சொன்னியளா?" என்று கேட்கிறார். சம்பந்தம் பேச வந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா? அண்ணாச்சி முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இல்லை என்று தலையாட்டினார். அப்போதே நான் நினைத்தேன், இந்த வரனும் போச்சு என்று.

எப்படியாவது தாம்பூலத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். பெண் வீட்டுத் தட்டு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் பேச்சை எடுத்துத்தான் ஆக வேண்டும். வெற்றிலை வாடாமல் இருக்கப் பின்பக்கத் தொட்டியோரம் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். நீங்க எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ எல்லாம் அடுக்கி, ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படியில் கால் வைத்தேன். இன்னொரு கை சுவர்ப் பக்கம் போயிற்று. தானாகப் போயிற்று மதினி. போய்ப் பிடித்தது. பிடித்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஏன் அந்தக் கை அங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் கயிற்றைப் பிடிக்கிறவளே இல்லை. ஒரு வருடமாக அந்தப் படியில் தினம் இருபது தரம் ஏறி இறங்குகிறேன், ஒருநாளும் பிடித்ததாக நினைவே இல்லை. அது அவர் குற்றம்தான். அவர் கட்டாமலே இருந்திருந்தால் கை அதைத் தேடியிருக்காது. தேடாமல் இருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். இதை ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், ஒருவருக்கும் புரியவில்லை.

தட்டு போட்ட சத்தத்தில் நீங்க எல்லாரும் ஓடிவந்தீங்க. வெற்றிலை முழுவதும் என் மேல். உங்கள் பையன் என்னைத் தூக்கக் குனிந்தான், நல்ல பிள்ளை. மாமா ஒரு அதட்டல் போட்டார் பாருங்க, "தொடாதே! அசைக்காதே!" அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அந்தக் கயிற்றையே, நான் அறுத்த கயிற்றையே எடுத்துவந்து, ஊஞ்சல் பலகையில் என்னைக் கிடத்தி, துணி மடித்து இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டினார். பாடை என்று சொன்னாரே, செய்துகாட்டிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் பார்க்க, என்னைப் பிணத்தைக் கட்டுகிற மாதிரி! ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, யார் கட்டியது, யார் கட்டியது என்று மூன்று தரம் கேட்டார். பாவம், அவருக்கும் அவிழ்க்கத் தெரியவில்லை போலிருக்கிறது. மாமாவைக் கூப்பிட்டு வைத்து அவரோடு வெகுநேரம் பேசினார். நன்றாகத் திட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கயிறு பழையபடி சுவரில். அதுவும் எப்படி? முன்பு அவர் உயரத்துக்கு இருந்தது. இப்போது ஒரு சாண் இறக்கிக் கட்டியிருக்கிறார். யாரைக் கேட்டு இறக்கினார்? இப்போது பிடித்தால் அவருக்குக் கூன் விழுகிறது. கூன் போட்டுக்கொண்டே நடக்கிறார், வீம்பு. என்ன மாமா இது என்றால், "கொடி எந்த உயரத்துல பறக்கணும்னு அன்னன்னிக்கு ஆர்டர் வரும்மா" என்கிறார். வெட்டின இடத்தை எப்படியோ பிரிக்குப் பிரி பின்னிச் சேர்த்துவிட்டார். முடிச்சே தெரியவில்லை. நானும் கையால் தடவித் தடவிப் பார்க்கிறேன், காலையில், மதியம், ராத்திரி, குளியலறைக்குப் போகும்போதும் வரும்போதும். அகப்படவே இல்லை. அதற்காகத்தான் தொடுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

வாக்கரா? அந்த மூலையில் நிற்கிறது. அது கிழங்களுக்கு.

இதுதான் மதினி நடந்தது. சகுனம் இல்லை. என் மகள் மேல் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் ஒரு பழைய கப்பல்காரர் இருக்கிறார், அது ஒன்றுதான் குறை. அவரைக்கூடக் கல்யாணத்தன்று எங்காவது ஓரமாக உட்கார வைத்துவிடலாம். இப்போது நீங்க சொல்லுங்க. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று...

என்ன சிரிக்கிறீங்க?

நாங்கள்தான் வேண்டாம் என்கிறோம் என்று நினைத்தீங்களா? நாங்களா? தட்டு கைக்கு வரவில்லை, பெண் வீடு தட்டு நீட்டாமல் மாப்பிள்ளை வீடு வாய் திறக்கக் கூடாது என்று... அட ஆண்டவனே. நீங்க எங்கள் தட்டுக்குக் காத்திருக்கீங்க, நான் உங்கள் போனுக்குக் காத்திருக்கிறேன். இருபத்திரண்டு நாள்!

அப்புறம் யார் சொல்லி இன்றைக்கு வந்தீங்க?

மாமாவா? மாமா அண்ணாச்சியோடு தினம் போனில் பேசுகிறாரா? எதற்கு? ஒற்றைக் காலில் நின்று எண்ணவா! இப்போது எவ்வளவு? பதினொன்றா. அண்ணாச்சி டாக்டரிடமும் போய்வந்தாரா... காதுக்குள் ஏதோ நீர் என்றாரா, மாத்திரை கொடுத்திருக்கிறாரா. இரண்டு தரம் மாடிப்படியில் விழப்பார்த்தாரா? உங்களிடம்கூடச் சொல்லவில்லையா? ஆண்பிள்ளைகளே இப்படித்தான் மதினி, தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

மாமா என்ன சொன்னாராம்? "தட்டை நீட்ட வேண்டியவ காலை நீட்டிப் படுத்திருக்கா, நீங்களே கொண்டு வாங்க" என்றா? என்னைக் கேட்காமலா? என்னிடம் சொன்னாராமா? நாலு நாளாகச் சொல்கிறாராமா? நான் டிவியைப் பார்த்துக்கொண்டே சரி மாமா, சரி மாமா என்று தலையாட்டினேனாமா? அந்த டிவிக்காரன் சத்தத்தைக் குறைத்ததிலிருந்து எனக்கு ஒன்றும் சரியாக விழுவதில்லை, சொன்னேன் இல்லையா.

அப்படியானால் பின்பக்கம் நிற்பது ஆட்டோக்காரர் இல்லை. அண்ணாச்சியா அது! ஐயோ, நான் ஆட்டோக்காரர் என்று... மெதுவாகச் சொல்லுங்க. முடிச்சுப் போடப் படிக்கிறாரா? உங்கள் மாடிப்படிக்கா? எங்கள் மாமா வந்து கட்டித்தர வேண்டுமா? எடுத்துக்கொண்டு போங்க மதினி, கயிற்றையும் எடுத்துக்கொண்டு போங்க, ஆளையும் எடுத்துக்கொண்டு போங்க. இல்லை, ஆளைச் சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுங்க. கூடம் துடைக்க ஆள் வேண்டும்.

தையிலேயே வைத்துக்கொள்ளலாமா? தையிலேயேவா! பையை இப்படிக் கொடுங்க, பார்க்கிறேன். இது கீரை இல்லையா? வெற்றிலை. ஆமாம், வெற்றிலைதான். பூவும் இருக்கிறது. நன்றாகக் கட்டியிருக்கீங்க, யாருக்குத் தெரியும், தூரத்தில் கீரை மாதிரித்தான் இருந்தது. கண்ணா? கண் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கொஞ்சம் நீர் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே கட்டிலில் வைத்து வேண்டாம் மதினி. தாம்பூலத்தைப் படுத்துக்கொண்டு வாங்குவதாவது! நான் எழுந்திருக்கிறேன். அவர்கள் இருக்கிற இடத்துக்கே போய், நின்று வாங்கிக்கொள்கிறேன். பிடிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. இதோ, எழுந்துவிட்டேன் பாருங்க.

கயிறா? நான் எங்கே பிடித்தேன்? அறுத்த இடம் எங்கே என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். நீங்க பின்னாலேயே வாங்க. மெதுவாக, என்ன அவசரம். இந்த நடையில் வெளிச்சம் போதாது.

ரெண்டு முடிச்சு. நில்லுங்க மதினி, இங்கே படி. இரண்டு கையாலும் பையைப் பிடிக்காதீங்க, ஒரு கை பைக்குப் போதும். இன்னொரு கையை இப்படிக் கொடுங்க, இதில் வையுங்க.